ஒரு கயிற்று முடிச்சை நம்பிப் பாறை ஏறியது

ஜெர்மனியில் டிரெஸ்டனுக்குப் படிக்க வந்ததிலிருந்து ஒன்றரை வருஷம் உள்ளரங்கச் சுவரில் மட்டும்தான் ஏறிக்கொண்டிருந்தேன். அங்கே யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆளுயரத்துக்கு ஒரு போல்ட், அதில் ஏற்கெனவே காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) தொங்கும், கயிற்றை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். அதனால், நாற்பது வருஷமாக எல்பே நதிக்கரைப் பாறைகளில் ஏறிவரும் ஒரு பெரியவர் "வெளியே வாயேன்" என்று கூப்பிட்டதும் நான் முதலில் கேட்டது, நட்டும் கேமும் யாரிடம் இரவல் கிடைக்கும் என்பதுதான். அதாவது வெடிப்புக்குள் செருகுகிற உலோகச் சாமான்கள். அவர் சிரித்துவிட்டுத் தன் பையைக் கவிழ்த்தார். உள்ளிருந்து வெறும் கயிறாகக் கொட்டியது. விதவிதமான கனத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. மாட்டுத் தொழுவத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

சாக்சன் சுவிட்சர்லாந்தில் அப்படித்தான் (பேர்தான் சுவிட்சர்லாந்து, இருப்பது டிரெஸ்டனுக்குப் பக்கத்தில், எல்பே கரையில்). ஏறுவதற்கென்று சுமார் 1,100 தனிப் பாறைக் கோபுரங்கள், எல்லாம் மணற்பாறை. உலோகத்தைச் செருகி அதன்மேல் ஒருவர் விழுந்தால் வெடிப்பின் விளிம்பு பெயர்ந்து வந்துவிடும், அதனால் நட், கேம் இரண்டுக்கும் தடை. கையில் பூசிக்கொள்ளும் வெள்ளை மாவும் கூடாது (உள்ளங்கை எப்போதும் வேர்க்கும் எனக்கு இதுதான் பெரிய துக்கம்). ருடால்ஃப் ஃபேர்மன் என்ற பாறையேறி 1913-இல் எழுதிவைத்த விதிகளை ஒட்டித்தான் இன்றும் ஏறுகிறார்கள். முதலில் ஏறியவர் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்துவிட்டுப் போன இரும்பு வளையங்கள் இருக்கும். இரண்டு வளையங்களுக்கு நடுவில் பாறை என்ன கொடுக்கிறதோ அதில் கயிற்றைக் கோத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு சனிக்கிழமை என்னைத் தரையை விட்டே ஏறவிடவில்லை. பாறையின் அடியில் நின்றுகொண்டு முடிச்சு வைக்க வேண்டும், அந்தக் கண்ணியில் காலை நுழைத்து ஏறி நின்று குதிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். கீழ்நோக்கிக் குறுகும் வெடிப்பாகத் தேடி, குறுகலுக்குக் கொஞ்சம் மேலே முடிச்சை உள்ளே விட்டு, கீழே இழுத்து இறுக்கினால் சிக்கிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் முடிச்சு அழகாக உட்கார்ந்தது. காலை வைத்து ஒரு குதி, அவ்வளவுதான், ஒரு பிடி மணலோடு முடிச்சு என் முழங்காலில் வந்து அடித்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வெடிப்புக்குள் விரலை விட்டுக் காட்டினார். கீழ்நோக்கிக் குறுகியது உண்மைதான், ஆனால் வாய்ப்பக்கம் விரிந்திருந்தது. நான் மேலும் கீழும் பார்த்தேனே தவிர முன்னும் பின்னும் பார்க்கவில்லை. முடிச்சு கீழே வராவிட்டாலும் வெளியே வரலாம் இல்லையா?

அதற்கப்புறம் நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தேன். முடிச்சின் இரண்டு கன்னமும் பாறையில் படிந்திருக்க வேண்டும், ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் சுழன்று கழன்றுவிடும். விரல் நுழைகிற வெடிப்புக்கு 5, 6 மில்லிமீட்டர் கயிறு, அகலமானதற்கு 11 மில்லிமீட்டர் கயிற்றில் போட்ட தடித்த முடிச்சு, முஷ்டி அளவுக்குப் பந்து மாதிரி உருட்டிப் பின்னிய ஒன்று. அதன் பேரே குரங்கு முஷ்டி. மெல்லிய கயிறு என்றால் தாங்குவதும் குறைவு, அதை ஒன்றுக்கு இரண்டாக வைக்க வேண்டும். கை போகாத இடத்தில் அழுத்தி உட்காரவைக்க ஒரு மரக்குச்சி உண்டு, இடுப்பிலேயே தொங்கும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது வேறு ஒன்று. மணற்பாறை அரித்து அரித்து, சில இடங்களில் மேலும் கீழும் பாறையோடு ஒட்டிக்கொண்டு நடுவில் மட்டும் ஒல்லியாக ஒரு தூண் நிற்கும், பின்பக்கம் ஓட்டை. ஜெர்மன்காரர்கள் இதை மணல் கடிகாரம் என்கிறார்கள். எனக்கு அது உடுக்கை. கவிஞர்கள் இடைக்குச் சொல்வார்களே, அதே வடிவம். அதைச் சுற்றி ஸ்லிங்கை, அதாவது வளையமாகத் தைத்த நாடாவை, விட்டு இரண்டு முனையையும் சேர்த்து காரபினரில் மாட்டினால், எந்தப் பக்கம் இழுத்தாலும் கழலாது. முனையை முனைக்குள் விட்டுச் சுருக்குப் போடுவது வேகமான வேலை, ஆனால் ஸ்லிங்கின் பலம் அதில் கணிசமாகக் குறையும், அவர் விடமாட்டார். தைத்த ஸ்லிங் 22 கிலோநியூட்டன் தாங்கும், அதாவது இரண்டு டன்னுக்கு மேல். தூண் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் யாரும் அச்சடித்து ஒட்டவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும், பொத்தென்று ஓட்டைச் சத்தம் வந்தால் அது சும்மா அலங்காரம்.

மூன்றாவது வாரம் ஏறுவதாக இருந்தது. வியாழக்கிழமை மழை. சனிக்கிழமை வெயிலடித்தும், பாறையின் நிழல் பக்கம் கறுத்திருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு "வீட்டுக்குப் போகலாம்" என்றார். ஈரமான மணற்பாறை வலுவிழந்துவிடும், பிடி கையோடு வரும், உடுக்கையும் வரும். எனக்குக் கடுப்புதான். ரயிலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரும்பினேன்.

அடுத்த வாரம் பாறை நன்றாகக் காய்ந்திருந்தது. ராட்டனில் இறங்கி, மோட்டார் இல்லாமல் ஆற்றின் இழுப்பிலேயே போகும் படகில் அக்கரை சேர்ந்து, காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தோம். சின்னக் கோபுரம், இருபத்தைந்து மீட்டர் இருக்கலாம். நான் முன்னால், அவர் கீழே கயிறு பிடிக்க. முதல் வளையம் தரையிலிருந்து பத்து மீட்டருக்கு மேல்.

நாலு மீட்டரில் ஒரு பாறைக் கொம்பு. அதன் தலையில் மாலை போடுவது மாதிரி ஸ்லிங்கைப் போட்டு, கயிற்றை மாட்டி, பெருமையாகக் கீழே பார்த்தேன். அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. இன்னும் மூன்று மீட்டர் போனதும் இடுப்புக் கயிறு திடீரென்று லேசானது. குனிந்தால், என் ஸ்லிங் காரபினரோடு கயிற்றில் சறுக்கிக்கொண்டு போய் அவர் கையருகில் நின்றது. நான் நகர நகரக் கயிறு குட்டை ஸ்லிங்கை மேல்நோக்கி இழுத்து, கொம்பிலிருந்து தூக்கிவிட்டிருக்கிறது. அவர் சொன்னது "நீளமானதைப் போடு" என்பதாம்.

ஆக, ஏழு மீட்டர் உயரத்தில், எனக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கால் ஆட ஆரம்பித்தது. இதை இங்கே தையல் மெஷின் என்பார்கள், சரியான பேர், முழங்கால் தானாக அடித்துக்கொள்கிறது. இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, ஏறிய அடிகளைக் கண்ணால் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் நெஞ்சுக்கு நேராக, இவ்வளவு நேரம் பிடியாக மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்த ஓட்டைக்குப் பின்னால் மணிக்கட்டு கனத்தில் ஒரு தூண் இருப்பது உறைத்தது. தட்டினேன். கெட்டியான சத்தம். ஸ்லிங்கை உள்ளே தள்ளினால் அது ஈரத்துணி மாதிரி மடிந்து மடிந்து விழுகிறது, மறுபக்கம் எட்டவே இல்லை. ஒரு கையால் தொங்கிக்கொண்டு அதைத் தோளில் போட்டுவிட்டு, விறைப்பாக இருக்கும் 6 மில்லிமீட்டர் கயிற்றை எடுத்து வளைத்து நுழைத்தேன். அதன் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தபோது நடுவிரலின் நகத்தால் கொக்கி போட்டு இழுத்தேன். காரபினர் மூடிய அந்தச் 'டிக்' இன்னும் காதில் இருக்கிறது.

மீதி சுலபம். வளையம் வந்தது, அதற்கு மேல் ஒரு வெடிப்பில் இரண்டு முடிச்சு, ஒன்று நன்றாக உட்கார்ந்தது, இன்னொன்றைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உச்சியிலிருந்து கயிறு பிடிக்க, பெரியவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே ஏறினார், மேலே இருந்த எனக்கு மதிப்பெண் கேட்டது. உடுக்கைக்கு "நன்று". நான் மெச்சிய முடிச்சுக்கு "நீ விழுந்திருந்தால் இது கழன்று வந்திருக்கும்". பிடிக்காத முடிச்சிடம் வந்து நின்றவர் நகரவே இல்லை. குச்சியால் குத்துகிறார், கீழிருந்து மேலாகத் தட்டுகிறார், திட்டுகிறார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், அது வரவில்லை. கடைசியில் அதை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்து உட்கார்ந்து, உச்சியில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "முதலில் பேரை எழுது," என்றார், "இறங்கும்போது நீயே போய் அதை எடு. உன் முடிச்சு."

எடுக்க அரை மணி நேரம் ஆனது.