மேட்ச் நடுவில் போனைப் பிடுங்கினால்

"போனை வை!" என்று இரண்டு தடவை சத்தம், மூன்றாவது தடவை பிடுங்கல். கேம் சண்டை பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பையன் ஏன் அப்படிக் கத்துகிறான் என்பதற்குப் பாதிக் காரணம் கேமின் அமைப்பிலேயே இருக்கிறது.

பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற துப்பாக்கிச் சண்டை கேமில், எராங்கல் என்ற மேப்பில் ஒரு கிளாசிக் மேட்ச் (கடைசிவரை பிழைப்பவர் ஜெயிக்கும் நீண்ட ஆட்டம்) என்றால் 100 பேர் வரை இறங்குவார்கள். கடைசிவரை நின்றால் அரை மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்திவைக்க வழியே கிடையாது. நால்வர் ஸ்குவாடில் ஒருவன் போனை வைத்துவிட்டால் அவன் பொம்மை நின்ற இடத்திலேயே குண்டு வாங்கும், ரேங்க் இறங்கும், மற்ற மூவரும் திட்டுவார்கள். ஆகவே மணிக் கணக்கை விட்டு மேட்ச் கணக்குப் பேசுங்கள்: "ரெண்டு கிளாசிக், அவ்வளவுதான்." சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறதா, டிடிஎம் என்ற குட்டி அணி ஆட்டம் ஒன்று ஆடட்டும், அதற்குள் முடிந்துவிடும். பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பில் இரவு 9 மணிக்குப் பூட்டு வைத்திருந்தால், 8.30-க்கு மேல் கிளாசிக் தொடங்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அதே ஸ்குவாடில்தான் நல்லதும் நடக்கிறது. "320-ல ஒருத்தன், மரத்துக்குப் பின்னாடி" என்று திசையை டிகிரியில் சொல்கிறான். ஜோன் (பாதுகாப்பான வட்டம்) சுருங்குவதற்குள் எப்போது கிளம்புவது என்று கணக்குப் போடுகிறான். தன்னிடமிருக்கும் மருந்தை அடிபட்ட நண்பனுக்குக் கொடுக்கிறான். ஆக்‌ஷன் கேம் ஆடுபவர்களுக்குப் பார்வைக் கவனம் கூடுதல் என்று ஆராய்ச்சியாளர்கள் கிரீனும் பவேலியரும் 2003-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதற்காகக் கணக்குப் பரீட்சையில் மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு நேரத்தைவிடப் பெரிய கவலை, கேமுக்குள் காசு கொடுத்துத் திறக்கும் 'கிரேட்' என்ற பரிசுப் பெட்டி. யூசி என்ற கேம் நாணயத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாது. லாட்டரிச் சீட்டின் அதே புத்தி. பெல்ஜியம் இந்த மாதிரிப் பெட்டிகளை 2018-இலேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. ஒரு துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கிக்கான அலங்காரத் தோற்றம்) வர 1 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நூறு பெட்டி திறந்தால் கட்டாயம் வந்துவிடும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 0.99-ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள்: சுமார் 0.37. அதாவது நூறு பெட்டி திறந்த நூறு பேரில் 37 பேர் வெறுங்கையோடுதான் போவார்கள். கால்குலேட்டரைக் கையில் கொடுத்து அவனையே போடச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது நன்றாக ஏறும்.

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்புக் கேட்கும்படி வைக்கலாம். ஆனால் லாக் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று பிள்ளையின் கைரேகையையும் அதே போனில் பதிந்து வைத்திருந்தால் அந்தப் பூட்டால் பயனில்லை. யூபிஐ பின் அவனுக்குத் தெரியும் என்றால் இன்றே மாற்றுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? கேமிங் கோளாறு என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 மூன்றைப் பார்க்கிறது: ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிவிடுவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது. இவை பெரும்பாலும் 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். லீவில் பத்து நாள் விழுந்து விழுந்து ஆடியவன் இதில் வரமாட்டான். தூக்கம், பள்ளி, சாப்பாடு எல்லாம் மாதக்கணக்கில் குலைந்து கிடந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-க்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.