இடது மார்புக்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட அனுபவம்

இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் அறுவை சிகிச்சையில் அகற்றி, கீமோவும் முடிந்த பிறகு, அடுத்தது ரேடியேஷன் என்று மருத்துவர் சொன்னார். கட்டிதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு, ஸ்கேனிலும் தெரியாத புற்றணுக்கள் மீதித் திசுவில் தங்கியிருக்கக்கூடும் என்றும், கதிர்வீச்சு கொடுத்தால் அதே மார்பில் நோய் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும் என்பதால், இறுகிப்போயிருந்த தோளை முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது. சுவரில் விரல்களால் மெல்ல மேலேறும் பயிற்சியை அறுவை முடிந்த சில நாட்களிலேயே கற்றுத் தருகிறார்கள். வலிக்கிறது என்று அதை விட்டுவிடாதீர்கள்.

பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டமிட்டார்கள். தினமும் ஒரே இடத்தில் கதிர் படுவதற்காகத் தோலில் ஊசிமுனை அளவுக்குப் பச்சைப் புள்ளிகள் குத்தினார்கள். என்னை அதிகம் பயமுறுத்தியது மூச்சடக்கும் பயிற்சிதான். இடது மார்புக்குப் பின்னால் இதயம் இருப்பதால், மூச்சை ஆழமாக இழுத்து அடக்கச் சொல்கிறார்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிக்கொள்கிறது, அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாய்கிறது. சுமார் 20 விநாடிகள் அடக்க என்னால் முடியுமா என்று கலங்கினேன். ஆனால் வீட்டில் படுத்தபடி பழகியதும், வெளி அறையிலிருந்து மைக்கில் "மூச்சை இழுங்கள், விடுங்கள்" என்று நிதானமாகச் சொன்ன தொழில்நுட்பப் பெண்ணின் குரலும் அந்தப் பயத்தைப் போக்கின. கதிர் படும்போது வலியோ சூடோ தெரியவில்லை.

முன்பு 5 வாரங்களில் 25 முறையாக 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுப்பது வழக்கம். இப்போது பலருக்கு 3 வாரங்களில் 15 முறையாக 40 கிரே போதுமாகிறது. பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, பொருத்தமானவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 முறையாக 26 கிரே கொடுப்பதும் உண்டு. எது தனக்குப் பொருந்தும் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

"கரண்ட் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாய், குழந்தையைத் தூக்காதே" என்று உறவினர் ஒருவர் சொன்னது என்னை மிகவும் வருத்தியது. வெளியிலிருந்து எந்திரத்தால் கொடுக்கப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை. அதை மருத்துவரிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டு, அன்று மாலையே என் மகளை மடியில் வைத்துக்கொண்டேன். நோயோடு இருப்பவளைக் குழந்தையிடமிருந்தும் பிரித்துவைக்கும் இந்த எண்ணம் வீடுகளிலிருந்து போக வேண்டும்.

நாட்கள் செல்லச் செல்ல மார்பின் மடிப்பிலும் அக்குளிலும் தோல் சிவந்து, பின் கறுத்தது. தளர்வான பருத்தி உடையும் மருத்துவர் எழுதித் தந்த களிம்பும் உதவின. மஞ்சள் பூசுவதை நிறுத்திவிட்டேன். சிகிச்சை முடிந்ததும் எல்லாம் ஆறிவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன், ஆனால் முடிந்த அடுத்த வாரத்தில்தான் எரிச்சலும் சோர்வும் உச்சத்துக்குப் போயின. அது இயல்பே என்று முன்பே தெரிந்திருந்தால் அத்தனை இரவுகள் பயந்திருக்க மாட்டேன். தோல் மெல்ல உரிந்து ஆறியது.

கை வீங்கினாலோ, சில மாதங்கள் கழித்தும் வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ உடனே காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஹார்மோன் மாத்திரையும் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஆண்டுக்கொரு மேமோகிராமும் தொடர்கின்றன.