சட்டம் செய்த வாத்தியார்

என் அப்பாச்சி உயிரோடிருந்த காலத்தில், எங்கள் வம்சத்தின் பெருமையை ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிடுவார்: "எங்கட ஆக்களில ஒரு வாத்தியார் கடல் தாண்டிப் போய்ச் சட்டம் செய்தவர்." அந்த வசனம் பெரியப்பாவிடம் வந்து சேர்ந்தபோது, அவ்வாத்தியார் அக்கால இலங்கைச் சட்டமன்றமான சட்டநிரூபண சபையில் அங்கத்தவராக இருந்தார் என்று வளர்ந்திருந்தது. கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் அக்கதையைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். சென்ற ஆண்டு காணி உறுதிகளை (நிலப் பத்திரங்களை) ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில் விழுந்தபோதுதான், அதன் அடியைத் தேடிப் பார்க்கும் எண்ணம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் வம்சம் தேடுவது பெயரைப் பின்பற்றிச் செல்லும் வேலை அன்று. தலைமுறைதோறும் தகப்பன் பெயரே முன்னெழுத்தாகி மாறிக்கொண்டிருப்பதால், இரண்டு தலைமுறைக்கு அப்பால் பெயரின் நூல் அறுந்துவிடும். காணியே அறாத நூல். 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம், முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தை வகுத்து வைத்திருப்பதால், ஒரு துண்டுக் காணி யாரிடமிருந்து, எந்த வழியால் வந்தது என்பதை ஒவ்வோர் உறுதியும் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் பெட்டியிலிருந்த மிகப் பழைய உறுதி, இரண்டு பரப்பு ஒன்பது குழித் தோட்டக் காணிக்கும் அதிலுள்ள கிணற்றின் பங்குக்கும் உரியது. மடிப்புகள் வெட்டுண்டு நான்கு துண்டாகிவிட்ட அக்கடதாசியில், என் பாட்டனாரின் பாட்டனாருடைய பெயருக்குப் பின்னால் நொத்தாரிசு எழுதியிருந்த சொல் 'உபாத்தியாயர்' என்பதே. அவர் கடல் தாண்டியதற்கோ சபையில் இருந்ததற்கோ அதில் ஒரு குறிப்பும் இல்லை. அவர் சிறுப்பிட்டிப் பக்கத்தில் படிப்பித்தார், தோட்டம் செய்தார், அவ்வளவுதான்.

சிறுப்பிட்டி என்ற பெயரைக் கண்டதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்பாச்சி சொன்ன வாத்தியார் எங்கள் ஆள் அல்லர், ஊருக்கே பொதுவானவர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை.

1832 ஆம் ஆண்டு செப்டம்பர் 12 ஆம் திகதி சிறுப்பிட்டியில் வைரவநாதருக்கும் பெருந்தேவிக்கும் பிறந்தவர் அவர். தகப்பனும் ஆசிரியரே; நிகண்டும் நீதி நூல்களும் வீட்டிலேயே தொடங்கின. பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களையும், தெல்லிப்பழை மிஷன் பாடசாலையில் ஆங்கிலத்தையும் கற்று, அமெரிக்க மிஷனார் 1823 இல் தொடக்கிய வட்டுக்கோட்டைச் செமினரிக்குச் சென்றார். கணிதமும் வானசாத்திரமும் தமிழும் ஒரே கூரையின்கீழ்ப் படிப்பிக்கப்பட்ட இடம் அது. படிப்பு முடிந்ததும் கோப்பாய் போதனா வித்தியாசாலையில் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபது. 1854 இல் நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்து வெளியிட்டதும் இந்தக் கிராமத்து வாத்தியார்தான்.

பேர்சிவல் பாதிரியார் தமது 'தினவர்த்தமானி' பத்திரிகைக்கு ஆள் தேடிச் சென்னைக்கு அழைத்ததிலிருந்து அவருடைய பாதை மாறியது. சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. பரீட்சையில் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தார்: ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர், வட்டுக்கோட்டையில் அவருக்குக் கணிதம் படிப்பித்த கறோல் விசுவநாதபிள்ளை. ஆசானும் மாணாக்கனும் ஒரே பரீட்சை எழுதிய அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம், விசுவநாதபிள்ளை மண்டபத்தினுள் எந்த முகத்தோடு நுழைந்திருப்பார் என்று யோசிப்பேன். அதன்பின் கள்ளிக்கோட்டையில் ஆசிரியப் பணி, சென்னை அரசாங்கத்தின் கணக்குப் பகுதியில் உத்தியோகம், 1871 இல் பி.எல். சட்டப் பட்டம், கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில் என்று சென்று, 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார். 1895 இல் இராவ்பகதூர் பட்டம் கிடைத்தது. 1901 ஆம் ஆண்டின் முதல் நாளில் காலமானார்.

ஆக, அப்பாச்சி சொன்ன 'சட்டம் செய்தவர்' என்பதில் பிழையே இல்லை. சட்டத் தொழில் செய்தவர் என்பதைச் சட்டம் இயற்றியவர் என்று விளங்கிக்கொண்டது பெரியப்பாவின் தலைமுறை. அன்றைய சபையைப் பற்றிச் சிறிது தெரிந்திருந்தால் இந்த மயக்கம் வந்திராது. 1833 இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற (அரசாங்கப் பதவி வகிக்காத) தமிழருக்கென இருந்தது ஒரேயொரு ஆசனம். அதற்கு ஆளைத் தெரிவு செய்தவர் தேசாதிபதி (ஆளுநர்). முதலில் அமர்ந்தவர் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து சென்று கொழும்பில் நிலைகொண்ட ஆறுமுகநாதபிள்ளை குமாரசாமி முதலியார். இடையிடையே வேறு சிலர் இருந்தபோதிலும், பின்னர் அவர் மகன் முத்துக்குமாரசாமியும், 1879 இல் மகளின் மகன் பொன்னம்பலம் இராமநாதனும், 1893 இல் இராமநாதனின் தமையன் குமாரசாமியும் அங்கே சென்றனர். படித்த இலங்கையர் என்று ஓர் ஆசனத்துக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்ததே 1911 இல்தான். சிறுப்பிட்டி வாத்தியார் ஒருவர் எவ்வளவு படித்தாலும், கொழும்பில் வீடும் வம்சமும் இல்லாமல் அந்தக் கதவு திறந்திராது. அவர் கடல் தாண்டியதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாண்டாதிருந்தால் கோப்பாயிலேயே ஓய்வு பெற்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நீதிபதிப் பதவியைக் காட்டிலும் என்னை ஈர்ப்பது அவர் இரவுகளில் செய்த வேலை. 1868 இல் ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுத்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையை வெளியிட்டார்; 1881 இல் வீரசோழியம், 1885 இல் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை. ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று அவர் கலித்தொகைப் பதிப்புரையில் வருந்தியதை, நான்காகப் பிளந்த எங்கள் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தபோது வேறுவிதமாகவே விளங்கியது. இத்தனைக்கும் நடுவில் ஆறாம், ஏழாம் வாசகப் புத்தகங்களையும் எழுதி, ஏழாலையில் ஒரு பள்ளிக்கூடமும் நிறுவினார். வாத்தியார் குணம் போகவில்லை.

அவருடைய வழித்தோன்றலிலும் ஒரு வேடிக்கை உண்டு. மிஷன் பாடசாலைகளில் வளர்ந்து, 'ஆதியாகம கீர்த்தனம்' பாடியவர், பின்னர் 'சைவ மகத்துவம்' எழுதினார். அவருடைய மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் தமிழறிஞராக விளங்கினார். தகப்பனின் பெயரிலிருந்த 'சி' சிறுப்பிட்டியைக் குறிப்பது. மகனின் புதிய பெயரில் ஊருக்கு இடமே இல்லை.

இவை எல்லாவற்றையும் எழுதி, உறுதியின் பிரதியையும் வைத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் அழைப்பெடுத்தார். கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தாராம். "சரி, சபை இல்லையெண்டே வைச்சுக்கொள்ளுவம்," என்றார். "ஆனா அந்தக் காணியின்ர கிணத்துப் பங்கு ஆரோட எண்டு பாத்தனியே? வைரவநாதற்ற ஆக்களாயும் இருக்கலாம்." உறுதியை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பங்குக்காரரின் பெயர் இருக்கவேண்டிய இடம் மடிப்போடு போய்விட்டது.