கோளாறு கீல் பக்கம், ராவியது கொண்டிப் பக்கம்

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்று நேராக மாடி அறையில்தான் மோதும். அங்கே நான்கு இரும்பு ஜன்னல்கள், அப்பா வீடு கட்டியபோது போட்டவை. கொஞ்ச வருஷமாகவே ஒரு கதவு மேலே மூடும், கீழே ஒரு விரல் அளவுக்குப் பிளந்து நிற்கும். கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த ராத்திரி கயிறு அறுந்தது. மெத்தை முழுக்கத் தண்ணீர்.

முதலில் அலுமினிய வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். கதவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை நீட்டி அளந்துவிட்டு, "எல்லாத்தையும் கழட்டிட்டு யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுடலாம் மேடம்" என்றார். க்ரில் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் செய்தது. சட்டத்தைப் பிடுங்கினால் சுவரும் கூடவே பெயர்ந்து வரும். அதைக் கேட்டால், "அது கொத்தனார் வேலை" என்று முடித்துக்கொண்டார்.

அடுத்து வெல்டர். நான்கு நாள் "இதோ வரேங்க்கா" என்று சொல்லி, ஐந்தாம் நாள் வந்தார். வந்ததும் கீழ் மூலையில் கையை வைத்து ஓங்கி ஒரு தள்ளு. கண்ணாடி விரிசல் விட்டது. "பழைய கண்ணாடிக்கா" என்றார். அப்புறம் கிரைண்டரை எடுத்து, கொண்டி மாட்டுகிற பக்கத்து ஓரத்தைச் சரசரவென்று ராவித் தள்ளினார். பக்கத்துக் கதவின் கண்ணாடியில் கரும்புள்ளிகள் விழுந்திருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். துடைத்தேன், சுரண்டினேன், போகவில்லை. கிரைண்டர் பொறி சூட்டோடு கண்ணாடியில் பதிந்துவிடுமாம். ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொல்லுங்கள். அவர்களாகச் செய்ய மாட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கதவு மூடவில்லை. கீழே பிளவு அப்படியே, பக்கவாட்டில் புதிதாக ஒரு சந்து வேறு.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் கீழ்வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பெரியவர். தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, கீல் பக்கத்து இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தார். மேல் கீலருகே தாள் சுலபமாக வந்தது. கீழ்க் கீலருகே சிக்கிக் கிழிந்தது. "கீல் சந்துல பாக்கு மாட்டுனா பெட்டி மூடுமாம்மா? அதே கததான்" என்றார். மாட்டியிருந்தது துருவும் பெயிண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு, துருவைச் சுரண்டாமல் மேலேயே பெயிண்டைப் பூசினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கோட். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; பெயிண்டுக்குள்ளேயே அது பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. யாரையும் கூப்பிடும் முன் இந்தத் தாள் சோதனையைச் செய்துவிடுங்கள். கொண்டிப் பக்கத்தை ராவ மட்டும் சம்மதிக்காதீர்கள்.

சுரண்டுவதை நானே செய்தேன். பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு, பழைய ஆக்சா பிளேடால் கீல் இடுக்கைக் கிளறினால் பட்டை பட்டையாக வருகிறது. நான்கு நிறம் எண்ணினேன், அடியில் அப்பா காலத்துப் பச்சை. காய்ந்த பெயிண்டில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்; வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். சுரண்டிய அன்றே துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூச்சு அடித்துவிட வேண்டும். நான் ஒரு ஜன்னலை மறுநாளைக்கு என்று விட்டேன், காலையில் பார்த்தால் செம்மண் பூத்திருந்தது. மறுபடி முதலிலிருந்து.

கதவே முறுக்கிக்கொண்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதலில் ஒட்டுகிற மூலையில் ஒரு மரத்துண்டை வைத்து, பிளந்து நிற்கும் மூலையை மெதுவாக அழுத்த வேண்டும். பெரியவர்தான் காட்டிக்கொடுத்தார். ஒன்றுக்குத்தான் தேவைப்பட்டது.

கண்ணாடிக்கு மட்டும் திருப்பாதிரிப்புலியூருக்கு இரண்டு நடை. வெளியே தெரிகிற அளவை எடுத்துக்கொண்டு போய் வெட்டி வாங்கிவிட்டேன். சட்டத்தின் உள்மடிப்பில் உட்கார வேண்டிய கண்ணாடி அதில் நிற்காமல் விழுந்தது. வெட்டிய கண்ணாடியைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய மக்கை (புட்டியை) முழுக்கச் சுரண்டி, உள்மடிப்புவரை அளந்து, சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லுங்கள்.

இப்போது மூன்று ஜன்னல்கள் ஒற்றை விரலில் மூடுகின்றன. அம்மா தினமும் ஒருமுறை திறந்து மூடிப் பார்க்கிறார். வெல்டர் ராவிய நான்காவதும் மூடுகிறது, ஆனால் ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது. அங்கே ஒரு தகட்டுப் பட்டை வைத்து ஒட்ட வேண்டுமாம். அதற்கு வேறு ஒரு வெல்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.