முழங்கால் பளிச்சென்று தெரிந்தால் லேபிளைச் சந்தேகியுங்கள்

புற்றுக்கட்டிக்குப் போக வேண்டிய மருந்தை ஏற்றிய லிப்போசோமில் (கொழுப்பால் ஆன நுண்குமிழி) சிர்கோனியம்-89 என்ற கதிரியக்க உலோகத்தை லேபிளாக ஒட்டி, எலிக்கு ஊசி போட்டு, அந்தக் கதிரியக்கத்தைப் படமாக்கும் பெட் ஸ்கேனரில் படம் எடுத்தாயிற்று. மூன்றாம் நாள் படத்தில் கல்லீரலும் மண்ணீரலும் பளிச்சென்று இருக்கின்றன. அது எதிர்பார்த்ததுதான், 100 நானோமீட்டர் துகளை அந்த இரண்டு உறுப்புகளிலும் உள்ள மேக்ரோஃபேஜ்கள் (அந்நியத் துகள்களை விழுங்கும் நோயெதிர்ப்பு அணுக்கள்) விழுங்கிவிடும். கூடவே முழங்காலும் ஒளிர்ந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். ஸ்கேனர் பார்ப்பது துகளை அல்ல, சிர்கோனியத்தை. துகளை விட்டுக் கழன்ற சிர்கோனியம் எலும்பின் தாதுப் பகுதியில் போய்ப் படியும்.

ஆனால் எலும்பு மஜ்ஜையிலும் மேக்ரோஃபேஜ்கள் உண்டு, அவையும் துகளைப் பிடிக்கும். எது நடந்தது என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தொடை எலும்பை எடுத்து, இரு முனைகளையும் வெட்டி, மஜ்ஜையை உப்புநீரால் பீய்ச்சி வெளியே தள்ளி, எலும்பையும் மஜ்ஜையையும் தனித்தனியாகக் காமா கவுண்டரில் வையுங்கள். எண்ணிக்கை எலும்பிலேயே தங்கியிருந்தால் லேபிள் கழன்றிருக்கிறது. துகளே இல்லாமல் வெறும் சிர்கோனியம் போட்ட எலிக் குழு ஒன்றும் கட்டாயம் வேண்டும். செலவு என்று அதை விட்டுவிடுவது பெரிய தவறு.

ஏன் சிர்கோனியம்? பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூசிய லிப்போசோம் நாள்கணக்கில் இரத்தத்தில் சுற்றும். ஃப்ளூரின்-18-இன் அரைவாழ்வு (கதிரியக்கம் பாதியாகும் நேரம்) 110 நிமிடம்; ஒரே நாளில் ஏறக்குறைய 9,000-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். செம்பு-64-க்கு 12.7 மணி நேரம், மூன்று நாளில் 2 விழுக்காடு. சிர்கோனியம்-89-க்கு 78.4 மணி நேரம், மூன்று நாள் கழித்தும் 53 விழுக்காடு கையில் இருக்கும். செம்பு கழன்றால் கல்லீரலுக்குத்தான் போகும். துகளும் அங்கேதான் போகிறது, ஆகவே தவறு கண்ணுக்கே தெரியாது. சிர்கோனியம் எலும்புக்குப் போய்த் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த வகையில் அது நேர்மையான உலோகம்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது சான்றிதழில் உள்ள நேரம். ஐரோப்பாவிலிருந்து வரும் குப்பியில் கதிரியக்க அளவு அந்த ஊர் நேரப்படி எழுதப்பட்டிருக்கும். குளிர்காலத்தில் நமக்கும் மத்திய ஐரோப்பாவுக்கும் 7 மணி நேர வித்தியாசம். அதை நம் நேரம் என்று எடுத்துக்கொண்டால் சிர்கோனியத்தில் 6 விழுக்காடு பிசகும், செம்பில் 30 விழுக்காட்டுக்கு மேல். குப்பி வந்தவுடன் டோஸ் கேலிப்ரேட்டரில் நீங்களே அளந்து, அளந்த நேரத்தையும் எழுதிவையுங்கள்.

சிர்கோனியம் 1 மோலார் ஆக்ஸாலிக் அமிலத்தில் வரும். 200 மைக்ரோலிட்டருக்கு 2 மோலார் சோடியம் கார்பனேட் 90 மைக்ரோலிட்டர். கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வரும். உடனே மூடியை இறுக்கினால் திறக்கும்போது தெறித்துக் கையுறையெல்லாம் கதிரியக்கம் ஆகிவிடும். மூன்று நிமிடம் திறந்தே வைத்து, பிறகு பிஹெச் மாறாமல் காக்கும் 0.5 மோலார் ஹெப்பீஸ் சேர்த்து, பிஹெச் தாளில் 7 முதல் 7.5 வரை இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின், சிர்கோனியத்தைப் பிடித்துவைக்கும் டெஃபெராக்சமின் பிணைத்த லிப்பிட் சிறிதளவு கலந்த லிப்போசோம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம்.

டெஃபெராக்சமின் வேறொன்றுமில்லை, தலசீமியா நோயாளிகளின் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றக் கொடுக்கும் அதே மருந்துதான். இரும்பைக் கண்டால் விடாது. உலோகக் கரண்டியால் உப்பை அள்ளினாலோ, சுத்திகரிக்காத தண்ணீரில் கரைசல் தயாரித்தாலோ அந்த இரும்பு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சிர்கோனியம் வெளியே நிற்கும். பிளாஸ்டிக் கரண்டி, உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ் பிசினில் வடித்த தண்ணீர். இதில் சமரசம் வேண்டாம்.

ஒட்டாத சிர்கோனியத்தையும் ஆக்ஸலேட்டையும் பிடி-10 என்ற வடிகுழாயில் பிரித்தெடுத்த பிறகு ஐடிஎல்சி, அதாவது எவ்வளவு ஒட்டியது என்று காட்டும் தாள் சோதனை. உலோகத்தைப் பிடித்து இழுக்கும் பிஹெச் 5 ஈடிடிஏ கரைசலில் ஓட்டினால் ஒட்டாத உலோகம் மேலே ஓடும், லிப்போசோம் புள்ளியிலேயே நிற்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: நடுநிலையாக்கும்போது சிர்கோனியம் ஹைட்ராக்சைடு கூழ்மமாகத் திரண்டிருந்தால் அதுவும் புள்ளியிலேயே நிற்கும், தாள் 99 விழுக்காடு ஒட்டியது என்று காட்டும். டெஃபெராக்சமின் இல்லாத லிப்போசோமை இதே முறையில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் 90-க்கு மேல் வந்தால் உங்கள் எண்ணுக்கு அர்த்தமில்லை. டிஎல்எஸ் (ஒளிச்சிதறலால் துகளின் அளவை அறியும் முறை) அளவையும் லேபிளுக்கு முன்னும் பின்னும் எடுத்து, எலி சீரத்தில் 37 டிகிரியில் மூன்று நாள் வைத்து, எவ்வளவு கழல்கிறது என்று அறிந்த பிறகே விலங்குக்குப் போக வேண்டும்.

ஊசி வால் நரம்பில் (சிரையில்), 100 முதல் 200 மைக்ரோலிட்டர், சில மெகாபெக்கெரல். ஏர்கான் குளிரில் நரம்பு சுருங்கிவிடும், வாலை முன்பே சூடாக்குங்கள். நரம்பு தப்பிச் சுற்றுத் திசுவில் இறங்கினால் மருந்து வாலிலிருந்து மெதுவாகக் கசிந்து, நெடுநேரம் இரத்தத்தில் சுற்றியதுபோலப் பொய்யான வளைகோடு வரும். சிரிஞ்சை ஊசிக்கு முன்னும் பின்னும் அளந்து, வாலையும் எண்ணி, சிரிஞ்சில் மிஞ்சியதையும் வாலில் தங்கியதையும் கழித்தால்தான் உள்ளே போன அளவு கிடைக்கும். கிராமுக்கு எத்தனை விழுக்காடு என்ற எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

இத்தனை பாடும் எதற்கு என்றால், கட்டிக்குப் போய்ச் சேரும் பங்கு மிகச் சிறியது. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கில் நடு மதிப்பு 0.7 விழுக்காடு. மார்பகப் புற்றுநோயாளிகளிடம் செம்பு-64 லிப்போசோமைப் பின்தொடர்ந்த ஆய்வில் கட்டிக்குக் கட்டி 35 மடங்கு வேறுபட்டது. யாருக்கு இந்த மருந்து போய்ச் சேரும் என்று முன்கூட்டியே பார்க்க இது ஒரு வழி. ஆகவே 1 விழுக்காட்டுப் பிழையும் இங்கே பெரிய பிழை.

பாதுகாப்பில் ஃப்ளூரினுக்குப் பழகிய கை ஏமாறும். சிர்கோனியம் 909 கிலோஎலக்ட்ரான்வோல்ட் காமாவும் விடுகிறது. அதைப் பாதியாக்க ஃப்ளூரின் தரும் 511 கிலோஎலக்ட்ரான்வோல்ட் கதிருக்கு வேண்டியதைப்போல் இரு மடங்கு கன ஈயம் வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் எந்த ஐசோடோப்புக்கு, எந்த அளவுக்கு என்று பார்த்த பிறகே குப்பிக்கு ஆர்டர் கொடுங்கள். எலிகளின் உடலும் கையுறையும் நாள் எழுதிய பையில் உறைபெட்டிக்குப் போகட்டும். பத்து அரைவாழ்வு என்றால் 33 நாள். அதன் பிறகும் மீட்டர் பின்புல அளவைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே அனுப்புங்கள்.