100-ஆவது இடமும் 101-ஆவது இடமும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், வட அமெரிக்காவின் உச்ச நிலைத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலின் அணிகள் வசந்தகாலப் பயிற்சிக்குக் கூடுவதற்குச் சற்று முன்பாக, அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் ஆடும் இளம் வீரர்களின் தரவரிசைப் பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. வெளிவந்த நாளே வாக்குவாதமும் தொடங்கிவிடுகிறது. தம் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) 9-ஆம் இடத்தில் இருந்திருக்க வேண்டும், 14-இல் தள்ளியது அநியாயம் என்று ஒரு தரப்பும், அவனுக்கு 14-ஆம் இடமே அதிகம் என்று மறு தரப்பும் வாரக்கணக்கில் வாதிடுவார்கள். இந்த வாதங்களைப் பல ஆண்டுகளாக ஆர்வத்துடன் படித்துவரும் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது: பட்டியலில் ஒரு வீரரின் பெயரோடு வரும் விவரங்களிலேயே மிகக் குறைவாகச் செய்தி சொல்வது அவருடைய வரிசை எண்தான், ஆனால் சண்டை முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கிறது.

பட்டியல்களில் மூத்தது ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழ் 1990 முதல் வெளியிட்டுவரும் முதல் நூறு பேரின் பட்டியல். அதன்பின் எம்எல்பி பைப்லைன் (லீக்கின் சொந்தத் தளத்தின் பட்டியல்), ஈஎஸ்பிஎன், ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் பிராஸ்பெக்டஸ் எனப் பல வந்துவிட்டன. யார் பிராஸ்பெக்ட் (மேஜர் லீக்கில் சாதிப்பார் என்று எதிர்பார்க்கப்படும் இளம் வீரர்), யார் இல்லை என்பதற்குப் பெரும்பாலும் புதுமுக வீரருக்கான மேஜர் லீக் விதியையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். 130 அட்-பேட்டுகளையோ (மட்டை பிடித்து ஆடிய முறைகள்), பிட்ச்சராக (பந்து வீசுபவராக) 50 இன்னிங்ஸையோ, அணியின் செயல்பாட்டுப் பட்டியலில் 45 நாட்களையோ தாண்டியவர் புதுமுகம் அல்லர். இந்த விதியால்தான், ஜப்பானில் செய்பு அணிக்காக எட்டுப் பருவங்கள் ஆடிவிட்டு 26 வயதில் பாஸ்டனுக்கு வந்த டைசுகே மட்சுசாகா, 2007-இல் பேஸ்பால் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தார். அது பொருத்தமா என்பது தனி விவாதம். விதிப்படி தவறில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

என்னைப் பொறுத்தவரை உண்மையான குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே பட்டியலிடம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். எல்லாம் நன்றாக நடந்தால் யார் மிகப் பெரிய ஆட்டக்காரர் ஆவார் என்பது ஒன்று. மேஜர் லீக்கில் நிலைத்து ஆடும் வாய்ப்பு யாருக்கு மிக அதிகம் என்பது மற்றொன்று. இன்றைய நாளில் ஒரு வர்த்தகத்தில் யாருக்கு ஈடாக எதிரணி அதிகம் கொடுக்கும் என்பது மூன்றாவது. டொமினிகன் குடியரசிலிருந்து ஒப்பந்தமாகி, அரிசோனாவின் பயிற்சி வளாக லீக்கில் சில வாரங்களே ஆடியிருக்கும் 18 வயது நடு அவுட்ஃபீல்டர் முதல் கேள்விக்கு நல்ல விடை. மைனர் லீக்கின் உச்சமான டிரிபிள்-ஏ நிலையில் முழுப் பருவம் ஆடி, பெரிய குறையும் பெரிய மின்னலும் இல்லாத 23 வயது இரண்டாம் பேஸ்மேன் இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை. இவ்விருவரில் ஒருவருக்கு 41 என்றும் மற்றவருக்கு 58 என்றும் எண் கொடுக்கும்போது, பட்டியல் தயாரித்தவர் எந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை கொடுத்தார் என்பதைத்தான் அந்த எண்கள் காட்டுகின்றன. வீரர்களைப் பற்றி அவை சொல்வது கொஞ்சமே.

ஸ்கவுட்டுகள் (வீரர்களை நேரில் பார்த்து மதிப்பிடுபவர்கள்) பயன்படுத்தும் 20 முதல் 80 வரையிலான மதிப்பெண் முறையைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். பந்தை மட்டையில் வாங்கும் திறன், ஓங்கி அடிக்கும் பலம், ஓட்டம், தடுப்பாட்டம், எறியும் கை ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவார்கள். 50 என்பது மேஜர் லீக் சராசரி. அதிலிருந்து ஒவ்வொரு 10-உம் கொள்கையளவில் ஒரு திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிய பரவலை அளக்கும் அலகு). அதாவது 80 என்பது சராசரியைவிட மூன்று திட்ட விலக்கங்கள் மேலே, ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் திறன். திறமை இப்படிப் பரவியிருக்கும்போது, உச்சியில் ஆட்கள் அரிதாகவும் ஒருவருக்கொருவர் இடைவெளி பெரிதாகவும் இருக்கும். கீழே வரவர நெரிசல் கூடும். முதலாமவருக்கும் பத்தாமவருக்கும் உள்ள வேறுபாடு, அறுபதாமவருக்கும் நூற்றிருபதாமவருக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பது இதனால்தான். வரிசை எண்களோ எல்லா இடைவெளிகளையும் ஒன்றுபோலக் காட்டிவிடுகின்றன. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தார் ‘எதிர்கால மதிப்பு’ என்று ஒவ்வொருவருக்கும் ஒரே கூட்டு மதிப்பெண் கொடுத்து, 60, 55, 50 என்று அடுக்கடுக்காகப் பிரிப்பது இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கிறது. ஒரே அடுக்கில் இருப்பவர்களின் முன்பின் வரிசை பெரும்பாலும் தயாரிப்பாளரின் ரசனைதான்.

உச்சியில்கூட வரிசை எவ்வளவு தற்செயலானது என்பதற்கு 2018-ஆம் ஆண்டு நல்ல எடுத்துக்காட்டு. பேஸ்பால் அமெரிக்கா ரொனால்ட் அகுன்யாவை முதலிடத்தில் வைத்தது. எம்எல்பி பைப்லைன் ஷோஹெய் ஓட்டானியை வைத்தது. அன்று இதற்காக நிறைய வாதம் நடந்தது. பருவ முடிவில், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஓட்டானி அமெரிக்கன் லீக்கிலும் அகுன்யா நேஷனல் லீக்கிலும் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார்கள். இருவரும் மிக உயர்ந்த அடுக்கு என்று இரண்டு பட்டியல்களுமே சரியாகச் சொல்லியிருந்தன. தேவையான செய்தி அவ்வளவுதான்.

புள்ளிவிவரங்களை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் சார்பு இருக்காதே என்று கேட்பவர்கள் உண்டு. மைனர் லீக் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதே அதற்கு விடை. டிரிபிள்-ஏ நிலையைச் சேர்ந்த பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்பகர்க்கி மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து தூரம் பறக்கிறது, சுழலும் பந்துகள் வளைய மறுக்கின்றன. அங்கே 25 ஹோம் ரன் அடித்தவரையும், கடலோரத் தாழ்நிலத்தில் 15 அடித்தவரையும் நேராக ஒப்பிட இயலாது. இதைவிட முக்கியம் வயது. டிரிபிள்-ஏவுக்கு ஒரு படி கீழான டபுள்-ஏ நிலையில் 19 வயதில் சராசரியாக ஆடுபவர், அதே நிலையில் 25 வயதில் எல்லோரையும் அடித்து நொறுக்குபவரைவிடப் பெரும்பாலும் மேலான பிராஸ்பெக்ட். இவற்றையெல்லாம் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். நல்ல கணிப்பு முறைகள் திருத்தியும் கொள்கின்றன. ஆனால் ஒருவர் தம் ஸ்விங்கை மூன்று வாரம் முன்புதான் மாற்றினார் என்பதும், மணிக்கட்டு வலியுடன் பாதிப் பருவம் ஆடினார் என்பதும் எண்களில் தெரிவதில்லை. அதை நேரில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

பிட்ச்சர்கள் விஷயத்தில் யாருடைய முறையும் எடுபடுவதில்லை. பேஸ்பால் அமெரிக்காவின் முதலிடத்தையே பாருங்கள். 1991-இல் அங்கிருந்த டாட் வான் பாப்பல் தம் மேஜர் லீக் வாழ்வை 40 வெற்றி, 52 தோல்வியுடன் முடித்தார். அடுத்த ஆண்டு அங்கிருந்த பிரையன் டெய்லர், 1991 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக யாங்கீஸ் தேர்ந்தெடுத்து 15.5 லட்சம் டாலர் கொடுத்த இடக்கை வேகப் பிட்ச்சர். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள்பட்டை சிதைந்து, மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமலே போனார். 2000-இல் முதலிடத்தில் இருந்த ரிக் ஆங்கீல் அந்தப் பருவத்தில் பிரமாதமாக ஆடினார். அக்டோபரில் அட்லாண்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைக் கேட்ச்சருக்கு எட்டாமல் வீசினார், அதன்பின் கட்டுப்பாடு திரும்பவே இல்லை. 2007-இல் அவுட்ஃபீல்டராக மீண்டு வந்தார். இவற்றில் எதையும் பட்டியல் தயாரித்தவரின் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிட்ச்சரின் தோளும் முழங்கையும் எப்போது கைவிடும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே சம திறமையுள்ள பேட்டரையும் பிட்ச்சரையும் ஒரே வரிசையில் வைக்கும்போது பிட்ச்சரைக் கீழே இறக்குவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பட்டியல்கள் தவறவிட்டவர்களைப் பற்றிய பேச்சில் பால் கோல்ட்ஷ்மிட், ஜேக்கப் டிகிராம், ஹோசே ஆல்டூவே ஆகியோரின் பெயர்கள் தவறாமல் வரும். மூவருமே பேஸ்பால் அமெரிக்காவின் முதல் நூறில் ஒருமுறைகூட இடம்பெறவில்லை. இருவர் மிகச் சிறந்த வீரர் விருதையும், டிகிராம் 2018, 2019 என அடுத்தடுத்து சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதையும் பெற்றார்கள். இங்கே எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அவர்கள் விடுபட்ட காரணங்கள் ஒன்றல்ல என்பது. கோல்ட்ஷ்மிட் வலக்கையால் அடிக்கும் முதல் பேஸ்மேன். அந்த இடத்திற்கு மட்டை மட்டுமே தகுதி என்பதால் ஸ்கவுட்டுகள் மிகக் கடுமையாக அளப்பார்கள். ஆல்டூவே ஐந்தடி ஆறங்குல உயரத்தினர். வெனிசுவேலாவில் 15,000 டாலருக்கு ஒப்பந்தமானவர். டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப். தாமதமாகப் பிட்ச்சராகி, முழங்கை அறுவை சிகிச்சையும் செய்துகொண்டு, 25 வயதில்தான் மேஜர் லீக்கைத் தொட்டார். முதல் காரணத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, மூன்றாவதை யாரும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. இரண்டாவதுதான் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம்.

இதுவரை சொன்னவை ரசிகர்களின் வாதங்கள், யாருக்கும் இழப்பில்லை. ஆனால் 2022 மார்ச்சில் அணிகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம் இந்தப் பட்டியல்களுக்கு வேறொரு கனத்தைக் கொடுத்துவிட்டது. அதன் பின்னணி 2015-இல் இருக்கிறது. அவ்வாண்டு பேஸ்பால் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்த கிரிஸ் பிரையன்ட், வசந்தகால ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்தும் சிகாகோ கப்ஸ் அவரை மைனர் லீக்குக்கு அனுப்பி, ஏப்ரல் 17 அன்றுதான் அழைத்தது. ஒரு முழுப் பணி ஆண்டுக்கு மேஜர் லீக்கில் 172 நாட்கள் தேவை. அவருக்குக் கிடைத்தது 171. அந்த ஒரு நாள் குறைவால், விரும்பிய அணியோடு பேசும் உரிமை ஓர் ஆண்டு தள்ளிப்போனது. இப்படிப்பட்ட நிறுத்திவைப்பைக் குறைக்கத்தான் புதிய ஊக்கத் திட்டம் வந்தது: தகுதியுள்ள ஒரு பிராஸ்பெக்டைப் பருவத் தொடக்கத்திலிருந்தே ஆடவைத்து முழுப் பணி ஆண்டு கொடுத்தால், அவர் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றாலோ, அல்லது சம்பள நடுவர் தீர்ப்புக்குத் தகுதி பெறும் முன் மிகச் சிறந்த வீரர், சை யங் வாக்கெடுப்புகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தாலோ, அணிக்குக் கூடுதலாக ஒரு டிராஃப்ட் வாய்ப்பு கிடைக்கும். ஹூலியோ ரோட்ரிகஸை 2022 தொடக்க நாளிலிருந்தே ஆடவைத்த சியாட்டில் மரினர்ஸ் இப்படித்தான் 2023-இல் பலன் பெற்றது.

திட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘தகுதி’ எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? பேஸ்பால் அமெரிக்கா, ஈஎஸ்பிஎன், எம்எல்பி தளம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டின் முதல் நூறில் வீரரின் பெயர் இருக்க வேண்டும். அதாவது, திறமைப் பரவலில் நெரிசல் மிகுந்த, 50 மதிப்பெண்காரர்கள் குவிந்து கிடக்கும் அந்தப் பகுதியின் நடுவே ஒரு கோடு கிழித்து, 100-ஆவது ஆளுக்குச் சலுகை உண்டு, 101-ஆவது ஆளுக்கு இல்லை என்கிறார்கள். பட்டியல் தயாரிப்பவர்களே அந்த இரண்டு பேருக்கும் வேறுபாடு இல்லை என்று ஒப்புக்கொள்வார்கள். மூன்றில் ஒன்று லீக்கின் சொந்தத் தளம் என்பதும், தயாரிப்பவர்களுக்கு வரும் தகவலில் கணிசமான பகுதி அணி நிர்வாகங்களிடமிருந்தே வருகிறது என்பதும் எனக்கு நெருடலாக இருக்கின்றன. யாரும் தவறாக நடந்தார்கள் என்று சொல்லவில்லை. முன்பு தம் வீரரைப் புகழ்ந்து பேச அணிகளுக்கு வர்த்தக நோக்கம் மட்டுமே இருந்தது. இப்போது ஒரு டிராஃப்ட் வாய்ப்பும் சேர்ந்திருக்கிறது.

மறுப்பவர்கள், எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்பார்கள். கோடு எதற்கு என்பதே என் கேள்வி. விருது வாக்கெடுப்பின் முடிவைத் தானே திட்டம் கடைசியில் பார்க்கிறது? புதுமுகத் தகுதியுள்ள எவரையும் முழுப் பருவம் ஆடவைத்து அவர் விருது வென்றால் அணிக்குப் பலன் என்று வைத்தால் பட்டியலே தேவைப்படாது. புகழ்பெற்ற சிலரைத்தான் அணிகள் வேண்டுமென்றே நிறுத்திவைக்கின்றன, மற்றவர்களுக்கு ஊக்கம் தேவையில்லை என்ற எண்ணத்தில் நூறு என்ற வரம்பை வைத்திருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானாலும், பட்டியலில் இல்லாத இன்னொரு டிகிராமை ஓர் அணி ஏப்ரலிலேயே துணிந்து ஆடவைத்தால் அதற்குப் பரிசு மறுப்பதில் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

பட்டியல் தயாரிப்பவர்களிடம் என் எதிர்பார்ப்பு சிறியது. ஆறேழு ஆண்டுகள் கழித்துத் தம் பழைய பட்டியலை எடுத்து, தனித்தனி வீரராக அல்லாமல் அடுக்கு அடுக்காகச் சரிபார்த்து வெளியிட வேண்டும்: 60 என்று மதிப்பிட்டவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள், 50 என்றவர்களில் எத்தனை பேர் மேஜர் லீக்கையே எட்டவில்லை என்று. தனி ஆளை வைத்துத் தீர்ப்பளிப்பதில் உள்ள சிக்கலுக்கு ஜாஷ் ஹாமில்டனைவிட நல்ல சாட்சி இல்லை. 2001-இல் முதலிடம் பெற்ற அவர் போதைப் பழக்கத்தால் தடைபெற்று ஆட்டத்தைவிட்டே விலகியிருந்தார். 2005-இல் கேட்டிருந்தால் அந்தத் தேர்வைப் பெரும் தோல்வி என்றிருப்பார்கள். 2010-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்காக அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் ஆனார்.