டயாலிசிஸ் ஆச்சியும் தசைத் தளர்வு மருந்தும்: காரைக்குடி நாட்குறிப்பு

பிப்ரவரி 9

நாளை கண்டனூர் ஆச்சிக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்கம் கொடுப்பது நான். ஆச்சி நெடுநாளாக டயாலிசிஸில் இருப்பவர், இன்றும் முடித்துவிட்டு வார்டுக்கு வந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் 4.8, அளவோடுதான் இருக்கிறது. நிம்மதி.

வராந்தாவில் மகன் மறித்தார். "டாக்டரம்மா, ஒண்ணுக்கே போகாத உடம்பு. நீங்க போடுற மருந்து எந்த வழியா வெளியேறும்?"

எவ்வளவு நல்ல கேள்வி! எனக்கும் கவலை அதில்தான், குறிப்பாகத் தசைத் தளர்வு மருந்தில். மயக்கம் தெளிந்தும் தசைக்குத் தெம்பு திரும்பாவிட்டால் மூச்சை இழுக்க முடியாது. பழைய பான்குரோனியம் பெரும்பாலும் சிறுநீரில்தான் போகும். வெக்குரோனியத்தைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். ஆனால் அது உடைந்து உண்டாகும் பொருளுக்கும் தசையைத் தளர்த்தும் வேலை தெரியும். சிறுநீரகம் ஓய்ந்தவர்களிடம் அது தேங்கிவிடும். ஐசியுவில் தொடர்ந்து ஏற்றிய சிலர், மருந்தை நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் கைகால் அசைக்க முடியாமல் கிடந்திருக்கிறார்கள்.

அதனால் ஆச்சிக்கு அட்ராகூரியம். சிறுநீரகத்தையோ கல்லீரலையோ அது நம்பியிருப்பதில்லை. உடம்புச் சூட்டிலும் ரத்தத்தின் காரத்தன்மையிலும் தானாகவே சிதைகிறது. மீதியை ரத்தத்தில் உள்ள நொதிகள் உடைக்கின்றன. சுமார் 20 நிமிடத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். மகனிடம், "வெயில்ல வச்ச ஐஸ்கட்டி மாதிரி, அதுவே கரைஞ்சிடும்ணே" என்றேன்.

பிப்ரவரி 10

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மருந்து தானே கரையும் என்று சும்மா இருந்துவிட முடியாது. உடம்பு குளிர்ந்தாலும், ரத்தத்தில் அமிலம் கூடினாலும் சிதைவு மந்தமாகும். சிறுநீரக நோயாளிகளுக்கு அமிலம் கூடுவது சகஜம். ஏசியைக் குறைத்து, சூடான காற்றுப் போர்வை போட்டு, குளுக்கோஸ் பாட்டிலைக்கூட வெதுவெதுப்பாக்கித்தான் ஏற்றினோம்.

முடிவில், தசைக்குத் தெம்பு திரும்பியதா என்று நரம்பை நான்கு முறை தூண்டிப் பார்த்தேன். தசையின் நான்கு துடிப்பில் நான்காவதன் வலு, முதலாவதில் 0.9 பங்காவது இருக்க வேண்டும். தளர்வை முறிக்கும் நியோஸ்டிக்மின் கொடுத்து, அந்த அளவைத் தாண்டிய பிறகே மூச்சுக்குழாயில் இருந்த டியூபை எடுத்தேன். தலையைத் தூக்குகிறார் என்பதை மட்டும் நம்பி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நியோஸ்டிக்மினிலும் பாதியளவு சிறுநீரகம் வழியாகத்தான் போகிறது. ஆக, ஆச்சியின் உடம்பில் அதுவும் கூடுதல் நேரம் நிற்கும். இந்த இடத்தில் அது நமக்குச் சாதகம்.

மாலையில், "ஆத்தா, காபி குடிக்கலாமா?" என்று ஆச்சி கேட்டார்.

பிப்ரவரி 12

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். முதுகு வலிக்கென்று எங்கோ வாங்கிய பேக்லோபென் அட்டை, பிரிக்கப்படாமல் கிடந்தது. அப்படியே பதறிவிட்டேன். இதுவும் தசையைத் தளர்த்தும் மருந்துதான், ஆனால் வேலை செய்வது மூளையிலும் தண்டுவடத்திலும். சுமார் 70 சதவீதம் மாறாமல் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 5 மில்லிகிராமிலேயே குழப்பம், அரைமயக்கம் என்று போகலாம். வயசாகிவிட்டது, உளறுகிறார் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அப்படி ஆனால் டயாலிசிஸ் செய்துதான் மருந்தை வெளியே எடுக்க வேண்டும்.

அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். டயாலிசிஸ் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், "பேக்லோபென் கொடுக்கக் கூடாது" என்று எழுதுவதோடு நிற்காமல், வலி மாத்திரை எதுவானாலும் முதலில் டயாலிசிஸ் யூனிட்டில் கேட்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மகன் அதைப் போட்டோ எடுத்துச் சென்னையில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பினார்.